கட்டிலுக்கு ஸ்டெயின் அடிக்கும் முன்: கேள்வி-பதில்

கேள்வி: பாறசாலையில் ரப்பர் தடிக் (ரப்பர் மரக்) கட்டில் வாங்கினோம். வால்நட் நிற ஸ்டெயினை (மரச்சாயத்தை) ஒரு மூலையில் அடித்துப் பார்த்தால் திட்டுத்திட்டாகப் பிடிக்கிறது. ஸ்டெயின் மட்டமானதா?
- களியக்காவிளை வாசகி

பதில்: ஸ்டெயின்மேல் குற்றம் இருக்க வாய்ப்பு குறைவு. ரப்பர் தடிப் பலகை என்பது சிறு துண்டுகளை விரல் கோத்ததுபோல் இணைத்து ஒட்டியது. ஒரு துண்டு சாயத்தை மளமளவென்று குடிக்கும், பக்கத்துத் துண்டு குடிக்காது. போதாக்குறைக்கு, கடையிலிருந்து வரும் கட்டிலில் பெரும்பாலும் சீலரோ (மரத்தின் நுண்துளையை அடைக்கும் அடிப்பூச்சு) லாக்கரோ (பளபளப்பு மேல்பூச்சு) ஏற்கெனவே ஏறியிருக்கும். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது. ஊறிக் கறுத்தால் வெறும் தடி.

பூச்சு இருந்தால் 120 நம்பர் உப்புத்தாளால் அது முழுக்கப் போகும்வரை தேய்க்கவேண்டும். பிறகு 180, கடைசியாக 220. எப்போதும் ரேகை ஓடும் திசையில்தான். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது கண்ணில் படாது. ஸ்டெயின் ஏறியதும் கறுப்புக் கோடாக நிற்கும். 320க்குப் போகாதீர்கள், மரம் வழவழத்து நிறம் இறங்காது. தூசியைத் துடைத்துவிட்டு மூட்டுகளைத் தின்னர் துணியால் ஒற்றுங்கள். பசை கசிந்த இடம் வெளிறித் தெரியும். அதைச் சுரண்டாவிட்டால் எத்தனை கை அடித்தாலும் அங்கே வெள்ளைதான்.

அடுத்து, என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) சாண்டிங் சீலர் ஒரு பங்குக்கு அதற்கான தின்னர் மூன்று பங்கு கலந்து மெல்லிசாக ஒரு கை. திட்டு விழாமல் காப்பது இதுதான். காய்ந்ததும் 220ஐ லேசாக ஒரு ஓட்டு. பிறகு ஸ்டெயினைப் பனியன் துணியில் தொட்டுத் தடவி, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் மிச்சத்தைத் துடைத்து எடுங்கள். தலைமாட்டுப் பலகையை முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகவேண்டும். நடுவில் நிறுத்தினால் ஒட்டுப்போட்டதுபோல் தெரியும். நிறம் போதாவிட்டால் காயவிட்டு இன்னொரு கை. முதல் சோதனை கட்டிலின் அடிப்பக்கத்தில் இருக்கட்டும்.

மேல்பூச்சில்தான் நம் ஊர் மழை விளையாடும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) ஈரத்தில் என்.சி. லாக்கரோ மெலமைனோ அடித்தால், தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து பால்போல் வெளுக்கும். வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல் அடியுங்கள். மழை விடாவிட்டால் தள்ளிப்போடுங்கள். மெலமைன் என்றால் நெடி போகும்வரை சில நாள் அந்த அறையில் படுக்கவேண்டாம்.

கேள்வி: பாட்டி காலத்து அயனி அலமாரிக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: அடிக்கலாம். எங்களுக்கு மனசில்லை! அரக்கு பாலிஷைப் புதுப்பித்தாலே அயனியின் பொன்னிறம் திரும்ப வரும். வெள்ளைதான் வேண்டுமென்றால் தண்ணீர்க் கலப்பு பிரைமரை நேராக அடிக்காதீர்கள். மரத்தின் சாறு ஊறி மஞ்சள் கறை மேலே வரும். மெழுகு நீக்கிய அரக்கு ஒரு கை பூசி, காய்ந்தபின் பிரைமர்.

கேள்வி: புதுக் கட்டில் காலடியில் மாவுபோல் தூள் கொட்டுகிறது. கடைக்காரர் "பாலிஷ் போட்டால் நிற்கும்" என்கிறார்.

பதில்: நிற்காது. ரப்பர் தடியில் மாவுச்சத்து அதிகம். போரான் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தாவிட்டால் உளுத்துவிடும். குண்டூசித் துளைகளும் மாவும் இருந்தால் புழு உள்ளே இருக்கிறது என்று பொருள். பூச்சு ஏறிய மரத்துக்குள் மருந்து இறங்காது. ஆகவே உப்புத்தாளைத் தொடாமல், துளையையும் தூளையும் பில்லோடு சேர்த்துப் படம் எடுத்து, மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். நீங்கள் பூசிவிட்டால் கடைக்காரர் பழியை உங்கள் பூச்சின்மேல் போடுவார்.

மறுத்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். கடை கேரளத்தில் இருந்தாலும் தயங்கவேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். குமரி மாவட்டத்தாருக்கு அது நாகர்கோவில். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிடவேண்டும்.