14 வயதுப் பையன் தினமும் மூன்று மணி நேரம் கேம் ஆடுகிறான். தடுக்க வேண்டுமா?

கேள்வி: பள்ளி விட்டு வந்ததும் போன், கணினி என்று தினமும் மூன்று மணி நேரம் கேம் ஆடுகிறான். நிறுத்தச் சொன்னால் கத்துகிறான். உடம்புக்கும் படிப்புக்கும் எவ்வளவு கெடுதல்? எத்தனை மணி நேரம் விடலாம்?

பதில்:

அந்த மூன்று மணி நேரம் எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்று முதலில் பாருங்கள். சாயங்காலம் 5 முதல் 8 வரை ஆடிவிட்டு, படித்து, சாப்பிட்டு, 10 மணிக்குத் தூங்குகிற பையனும் இருக்கிறான். 10 முதல் 1 வரை போர்வைக்குள் ஆடுகிற பையனும் இருக்கிறான். இரண்டு பேருக்கும் கணக்கு மூன்று மணி நேரம்தான். ஆனால் காலையில் எழ அடம், எதற்கெடுத்தாலும் எரிச்சல், வகுப்பில் அசதி எல்லாம் இரண்டாமவனுக்குத்தான் வரும். கேம் மேல் போடப்படும் பழியில் பெரும்பங்கு தூக்கக் குறைவைச் சேர்ந்தது.

13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பருவ வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இயல்பாகவே ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கத் தொடங்கும். அதற்குமேல் ராத்திரி ஆட்டமும் சேர்ந்தால் சீக்கிரம் தூக்கம் வராது. இதற்கு எல்லாரும் திரையின் நீல ஒளியைக் குற்றம் சொல்கிறார்கள். அதைக் குறைக்கும் நைட் மோட் போட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். தீராது. கடைசி மேட்ச்சில் ஏறிய படபடப்பு அடங்க நேரம் பிடிக்கும். அதுவும் தோற்றிருந்தால் படுத்த பிறகும் மனசு அதையே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். எனவே படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஆட்டம் முடிய வேண்டும். பக்கத்தில் எனர்ஜி டிரிங்க் இருந்தால் அதையும் கவனியுங்கள். காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும்.

படிப்புக்கும் வழி இதேதான். பகலில் படித்ததை மூளை நினைவில் உறுதிப்படுத்துவது பெரும்பாலும் தூக்கத்தில். 9 மணி வரை ஒழுங்காகப் படித்துவிட்டு 1 மணி வரை ஆடுகிறவன், படித்ததையும் சேர்த்துத்தான் இழக்கிறான். 'படித்து முடித்தால்தான் கேம்' என்ற பேரமும் பல வீடுகளில் பலிப்பதில்லை: படிப்பு அவசரக் கோலமாகும், ஆட்டம் ராத்திரிக்குத் தள்ளிப்போகும். சாயங்காலமே ஆடவிட்டு அப்புறம் படிக்க வைப்பது மேல். நல்லதும் உண்டு. வேகமான ஆக்‌ஷன் கேம்கள் பார்வைக் கவனத்தைக் கூர்மையாக்குகின்றன என்று 2003 முதலே ஆய்வுகள் வந்திருக்கின்றன. அது கணக்குப் பாடத்தில் மதிப்பெண்ணாக மாறும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இனி கத்தல். 'எட்டரைக்கு நிறுத்து' என்கிறீர்கள். எட்டரைக்கு அவன் மேட்ச்சின் நடுவில் இருக்கிறான். ஆன்லைன் குழு ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டுப் பிறகு தொடர முடியாது. பாதியில் வெளியேறினால் அணி ஓர் ஆள் குறைந்து தோற்கும், இவன் ரேங்க் புள்ளி போகும். அடிக்கடி வெளியேறினால் அடுத்த ஆட்டத்தில் சேரவிடாமல் கேமே தண்டனை போடும். ரவுட்டரை அணைப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. அவனைப் பொறுத்தவரை நடந்துகொண்டிருக்கும் போட்டியிலிருந்து கையைப் பிடித்து இழுத்து வருகிறீர்கள்.

அதனால் மேட்ச் கணக்கில் பேசுங்கள். அவன் ஆடும் கேமில் ஒரு மேட்ச் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அதிகபட்சம் 35 நிமிடம் என்று வையுங்கள். 8:30க்கு முடிய வேண்டுமென்றால், 7:50க்குப் பிறகு புது மேட்ச் தொடங்கக் கூடாது என்பதுதான் விதி. மீதி ஐந்து நிமிடம் ஆள் சேரக் காத்திருக்கும் நேரத்துக்கு. தொடங்கிய மேட்ச்சை முடிக்க விடுங்கள். தனியாக ஆடும் கேமாக இருந்தால் சேமித்துவிட்டு எழ பத்து நிமிட முன்னறிவிப்பு போதும். சார்ஜர் ஹாலில் இருக்கட்டும். படுக்கும் அறைக்குள் போன் போகக் கூடாது, பெரியவர்கள் போனும் சேர்த்துத்தான். விதி உடைவது பெரும்பாலும் அங்கேதான். வெறும் பூட்டை நம்பாதீர்கள். தென்கொரியா 2011இல் 16 வயதுக்குக் கீழே நள்ளிரவு முதல் காலை 6 வரை ஆன்லைன் கேமுக்குத் தடை போட்டது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணில் நுழைந்தார்கள். பத்து வருஷம் கழித்து அந்தச் சட்டத்தை அரசே கைவிட்டது.

உடம்பைப் பொறுத்தவரை, திரையை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது வெகுவாகக் குறையும்; உறுத்தலும் வறட்சியும் அதனால். ஒரு மேட்ச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எழுந்து, 6 மீட்டருக்கு அப்பால் உள்ள எதையாவது 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். திரை ஒரு கை நீளம் தள்ளி, அதன் மேல் விளிம்பு கண் மட்டத்தில், பாதம் தரையில் இருக்கட்டும். ஹெட்ஃபோன்தான் பலரும் கவனிக்காத ஆபத்து: எதிரியின் காலடிச் சத்தம் கேட்க வேண்டுமென்று ஒலியை ஏற்றிக்கொண்டே போவார்கள். சிறுவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 75 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம். ஒலி கூடக்கூட அந்த நேரம் மளமளவென்று சுருங்கும். ஆடி முடித்ததும் காதில் ரீங்காரம் கேட்டால் எல்லை தாண்டிவிட்டது. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் வலித்தால், கட்டைவிரலை உள்ளே வைத்து விரல்களை மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்க்கச் சொல்லுங்கள். சுரீரென்றால் தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். சில நாள் ஓய்வு கொடுத்தும் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடிமையாகிவிட்டானா என்பதற்கு மணிக்கணக்கு அளவுகோல் கிடையாது. 2022 முதல் நடைமுறையில் உள்ள, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் பார்ப்பது மூன்றை: ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட அதற்கே முன்னுரிமை, கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வது. இதனால் படிப்பு, குடும்பம், நட்பு கடுமையாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். பொதுவாக 12 மாதம் நீடித்திருக்க வேண்டும். ஆடுகிறவர்களில் மிகச் சிலரே இதில் வருவார்கள். அப்படி வருகிறவர்களிடம் மனச்சோர்வோ, பள்ளியில் யாரோ படுத்தும் பாடோ, கவனக் குறைபாடோ பின்னால் இருப்பது சகஜம். கேமை மட்டும் பிடுங்கினால் இவை அப்படியே இருக்கும். பிடுங்கியதும் செத்துப்போவேன் என்று சொன்னால் மிரட்டல் என்று தள்ளாதீர்கள், அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

அந்த அவசரம் இல்லையென்றால், இரண்டு வாரம் ஒரு நோட்டில் அவன் படுத்த நேரம், எழுந்த நேரம், கடைசி மேட்ச் முடிந்த நேரம் மூன்றையும் எழுதுங்கள். முடிந்தால் அவனையே எழுதச் சொல்லுங்கள். மனநல மருத்துவரிடம் போக நேர்ந்தாலும் அதை எடுத்துச் செல்லுங்கள். தூக்க விவரம் அங்கே கட்டாயம் கேட்கப்படும்.