படம் வரைந்தவர் எங்கே நின்றார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தபோது, ஆல்ஃபிரட் வெய்ன்ரைட் பேனாவால் வரைந்து எழுதிய லேக் டிஸ்ட்ரிக்ட் மலை வழிகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஹேஸ்டாக்ஸ் மலை ஏறினேன். மேலே இருக்கும் குட்டி ஏரிக்குப் பின்னால் கிரேட் கேபிள் மலை தெரியும். அவர் நின்ற இடத்திலேயே நின்று வரைய ஆசைப்பட்டு வரைந்தால், என் மலை கோயில் கோபுரம் மாதிரி நிற்கிறது, அவர் படத்தோடு ஒட்டவே இல்லை. எங்கே தப்பு? ஊர் திரும்பிவிட்டேன், இதை ஏற்காட்டில் பழக முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, அஸ்தம்பட்டி

பதில்: டீச்சர், உங்கள் கையில் தப்பில்லை. மலையை நேரில் பார்த்து வரைகிற எல்லோருக்கும் உயரம் கூடித்தான் வரும், ஏனென்றால் கண் எதைக் கண்டு மலைக்கிறதோ அதைக் கை பெரிதாக்கிவிடும். வெய்ன்ரைட் வரைந்தது பெரும்பாலும் வீட்டில். கெண்டல் ஊரில் நகராட்சிக் கணக்குப் பார்த்த மனிதர் அவர், கார் ஓட்டத் தெரியாது, லீவு நாளில் பஸ் பிடித்துப் போய் மலை ஏறுவார், போட்டோ எடுப்பார், ராத்திரி அந்தப் போட்டோவை வைத்துக்கொண்டு மசியில் வரைவார். 1952-இல் தொடங்கி, 214 மலைகளை ஏழு புத்தகங்களாக 1966-இல் முடித்தார். எழுத்துகூட அச்சுக் கோத்தது கிடையாது, அவர் கையெழுத்தேதான். ஆக, நீங்கள் கண்ணால் பார்த்து வரைந்ததை, போட்டோ பார்த்து வரைந்த படத்தோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள்.

உயரத்தைச் சரிசெய்யப் பென்சில் போதும். கையை மடக்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, மலையின் அகலம் பென்சிலில் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று கட்டைவிரலை நகர்த்தி அளந்துகொள்ளுங்கள். முதல் தடவை அளக்கும்போது ‘இவ்வளவுதானா உயரம்!’ என்று தோன்றும். அதை நம்பி அப்படியே வரையுங்கள்.

நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த வேலை. படத்தில் கிட்டத்தில் இருக்கும் ஒரு பொருளையும் தூரத்தில் இருக்கும் ஒரு பொருளையும் ஜோடி சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏற்காட்டில் லேடீஸ் சீட்டுக்குப் போனால், கீழே மலைப்பாதை வளைந்து இறங்குகிற சரிவு கிட்டத்துப் பொருள், சேலத்துக்கு அந்தப் பக்கம் தெரியும் கஞ்சமலை தூரத்துப் பொருள். நீங்கள் இடது பக்கம் பத்தடி நகர்ந்தால் சரிவு வலது பக்கம் ஒதுங்கும், கஞ்சமலை அசையாது. படத்தில் சரிவின் முனை மலையின் எந்த இடத்துக்கு நேராக இருக்கிறதோ, அங்கே வரும்வரை நகர வேண்டியதுதான். பக்கவாட்டு சரியாகிவிட்டால் அப்புறம் மேல்கீழ்: மேலே ஏறினால் கிட்டத்துச் சரிவு தாழ்ந்து, பின்னால் இருக்கும் சமவெளி அதிகமாகத் தெரியும். இரண்டும் சேர்ந்து பொருந்துகிற இடத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்குத்தான் இடம் இருக்கும். ஹேஸ்டாக்ஸிலும் இதே கணக்குதான், ஏரிக்கரைப் பாறை கிட்டத்துப் பொருள், கிரேட் கேபிள் தூரத்துப் பொருள்.

நானும் என் நண்பரும் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஒருவர் தனியாகப் போய் வரைந்துவிட்டு வருவார், இடத்தைச் சொல்ல மாட்டார், மற்றவர் அந்தத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்த் தேட வேண்டும். சேர்வராயன் கோயில் மேட்டில் நான் வரைந்த படத்தோடு போனவர் ஒரு காலை முழுக்க அலைந்திருக்கிறார். கடைசியில் நான் உட்கார்ந்திருந்த அதே பாறையில், நான் பென்சில் சீவிப் போட்ட துருவல் இடுக்கில் கிடந்ததை எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். இன்னும் வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும். மலை மேல் மசி வேண்டாம், பனிமூட்டத்தில் தாள் நமுத்துக் கோடு ஊறிப் பரவிவிடும். அங்கே பென்சில், வீட்டுக்கு வந்து பேனா. காபித் தோட்டங்களுக்குள் போவதென்றால் கேட்டுக்கொண்டு போங்கள். சில்வர் ஓக் மரங்கள் வளர்ந்து பழைய காட்சியை மறைத்திருந்தால், மரத்தையும் வரையுங்கள்.

கேள்வி: எனக்கு வரையவே வராது. செல்போனில் எடுத்துக்கொண்டால் போதாதா?
– வாசகர், அம்மாபேட்டை

பதில்: எடுங்கள், ஆனால் போன் கேமரா அகலமாகப் பார்ப்பதால் தூரத்து மலை சுண்டைக்காய் மாதிரி ஆகிவிடும், இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். கூடவே ஐந்தே ஐந்து கோடு போட்டுப் பாருங்கள்: மலை விளிம்பு, சரிவு, ரோடு, ஒரு மரம், ஒரு பாறை. அந்த ஐந்தைத் தேர்ந்தெடுக்கக் கால் மணி நேரம் ஆகும், அதற்குள் அந்த இடம் மனதில் பதிந்துவிடும்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்?
– வாசகி, ஆத்தூர்

பதில்: ஜனவரி, பிப்ரவரி காலை நேரம். மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டம், கீழே சேலம் வேறு வெயில் புகைமூட்டத்தில் மங்கிக் கிடக்கும். முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள்.