பொன் இல்லாத நகைக்கு எது விலை? – கேள்வி பதில்

கேள்வி: செய்கூலியும் சேதாரமும் கழித்துவிட்டால், அலுமினியத்தில் செய்த நகையில் என்ன மிஞ்சும்? அதற்கு ஏன் இவ்வளவு விலை?

பதில்: நீங்கள் கழிக்கச் சொல்லும் செய்கூலிதான் அங்கே மிஞ்சுவது. தங்க நகையில் உலோகமே விலையைத் தீர்மானிக்கிறது. இங்கே கருத்தும் கைவேலையும் தீர்மானிக்கின்றன. 1967இல் நெதர்லாந்தைச் சேர்ந்த நகை வடிவமைப்பாளர் கெய்ஸ் பாக்கர், அடுப்பின் புகைக்குழாயை நினைவூட்டும் அலுமினியக் குழாயால் கழுத்தணி செய்தார். அவரும் அவர் மனைவி எம்மி வான் லேர்சுமும், நகை என்பது குடும்பத்தின் செல்வத்தை ஊருக்கு அறிவிக்கும் பொருளாக இருக்க வேண்டியதில்லை என்றே கருதினார்கள். எல்லோருக்கும் எட்டும் மலிவான உலோகத்தில் செய்த அந்தப் படைப்புகள் இன்று அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைகளுக்குள் இருப்பது, அவர்கள் கேள்விக்கு உட்படுத்திய அந்தஸ்து வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டதையே காட்டுகிறது என்பது என் எண்ணம்.

கேள்வி: அப்படியானால் அவர்கள் தங்கத்தை வெறுத்தவர்களா?

பதில்: வெறுத்திருந்தால் அதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். பாக்கர் 1973இல் பொற்கம்பியை உடலில் இறுக்கிக் கட்டி, பின் அகற்றி, தோலில் பதிந்த தடத்தையே நகை என்றார். 1980இல் ஓட்டோ குன்ஸ்லி என்ற சுவிஸ் நகைக் கலைஞர் ஒரு பொன் உருண்டையைக் கறுப்பு ரப்பர் வளையத்துக்குள் மறைத்து, ‘தங்கம் குருடாக்குகிறது’ என்று பெயரிட்டார். அணிபவர் காண்பது ஒரு புடைப்பை மட்டுமே. உள்ளே தங்கம் இருப்பதை அவர் நம்பித்தான் ஆக வேண்டும். நகைக்கடை நம்பிக்கையை இதைவிடக் கூர்மையாகக் கிண்டல் செய்த படைப்பை நான் அறியேன்.

கேள்வி: மலிவான பொருள் என்றும் மலிவானதுதானா?

பதில்: இல்லை. அலுமினியமே சான்று. பிரித்தெடுப்பது கடினமாக இருந்த 1850களில் பிரான்சில் அது விலையுயர்ந்த உலோகமாக இருந்தது. 1886இல் மின்சாரம் செலுத்தி அதைப் பிரித்தெடுக்கும் மின்னாற்பகுப்பு முறை கண்டறியப்பட்ட பின்னரே அது மலிவான உலோகமாயிற்று. இதற்கு எதிர்த்திசையில், 1813இல் நெப்போலியனுக்கு எதிரான போருக்காகப் பொன்னைக் கொடுத்த பிரஷ்ய (அன்றைய ஜெர்மானிய அரசு) பெண்கள் பதிலாகப் பெற்ற இரும்பு நகை, தியாகத்தின் அடையாளமாகப் பொன்னைவிடப் பெருமை பெற்றது.

கேள்வி: டைட்டானியக் காதணியின் நீலம் வெளுக்குமா?

பதில்: அது சாயம் அன்று, மின்சாரம் செலுத்தி வளர்த்த மெல்லிய ஆக்சைடு படலத்தில் ஒளி பிரதிபலிப்பதால் தோன்றும் நிறம். வெளுக்காது, ஆனால் கீறினால் அந்த இடத்தில் போய்விடும்.

கேள்வி: பிளாஸ்டிக் நகை என் பேத்திக்குப் போய்ச் சேருமா?

பதில்: பொருளைப் பொறுத்தது. மென்மையான பி.வி.சி. காலப்போக்கில் பிசுபிசுக்கும், ரப்பர் இறுகி விரிசல் விடும், அக்ரிலிக் ஓரளவு தாங்கும். செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக் சிதையும்போது வெளிவரும் அமில ஆவி அருகிலுள்ள உலோக நகைகளையும் அரிக்குமாதலால், அதைக் காற்றோட்டமான இடத்தில் தனியாக வையுங்கள். அடகுக் கடைக்காரர் எடை போட இதில் ஒன்றும் இல்லை என்பதால், செய்தவர் பெயர், ஆண்டு, பயன்படுத்திய பொருள் ஆகியவை எழுதிய தாளையும் நகையோடு சேர்த்துப் பேத்தியிடம் கொடுங்கள்.