மாடிவீட்டுக்காரர் வாழ்க

கேள்வி: அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸில் மிசிசிப்பி ஜான் ஹர்ட் எவ்வளவு பெரிய பாடகர்! அவர் எழுபது வயதில் காபிக்கடைகளில் சின்னக் கூட்டத்துக்குப் பாட நேர்ந்தது கொடுமை இல்லையா? கலைஞனுக்குக் கைதட்டல்தானே சாப்பாடு?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கைதட்டலைக் கொடுத்து எந்த மளிகைக்கடையிலாவது கால் கிலோ துவரம்பருப்பு வாங்கிப் பாருங்கள், அப்புறம் பேசலாம். அவர் பாடிய கடைகளில் ஒன்று நியூயார்க்கில் மக்டூகல் தெருவில், தரைக்குக் கீழே இருந்த கேஸ்லைட். அந்தக் காலத்தில் அங்கே கைதட்டவே கூடாது. சத்தம் காற்றுப்போக்கி வழியாக மேலே குடியிருப்பவர்கள் வீட்டுக்குள் போய், அவர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்பதால், பாட்டு பிடித்திருந்தால் விரலைச் சொடுக்குவதோடு சரி. அந்த மாடிவீட்டுக்காரர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம். நம் ஒவ்வொரு சபாவின் தலைமேலும் இப்படி ஒரு குடித்தனத்தை வைக்க வேண்டும், அதுவும் நைட் ட்யூட்டி பார்த்துவிட்டு வந்து படுத்திருக்கும் கோபக்காரராகப் பார்த்து. ராகம் முடிவதற்குள் தட்டுகிறவர், தாளம் தப்பித் தட்டுகிறவர், பக்கத்து சீட்டுக்காரர் தட்டுகிறாரே என்று தூக்கத்திலிருந்து எழுந்து தட்டுகிறவர் எல்லாரையும் அவர் பார்த்துக்கொள்வார். (முன்பு இதையே எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டேன். சந்தாவை நிறுத்தப்போவதாகச் சொன்ன அன்பர் இன்னும் நிறுத்தவில்லை.)

சரி, ஹர்ட். அவர் அரங்கத்துக்கு ஏங்கியவர் இல்லை. அவலான் என்ற குக்கிராமத்தில் வயல்வேலை பார்த்துக்கொண்டு, அக்கம்பக்கத்து விருந்துகளில் வாசித்துப் பழகியவர். வலது கட்டைவிரல் கிட்டாரின் தடித்த தந்திகளில் மாறி மாறி நடந்துகொண்டே இருக்கும், மற்ற விரல்கள் மேலே மெட்டை வாசிக்கும், கேட்கிறவனுக்கு இரண்டு பேர் வாசிப்பதாகத் தோன்றும். குரலோ பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பேசுகிற அளவுதான். இதற்குச் சின்ன அறைதான் சரியான இடம். பெரிய கூட்டத்தையும் அவர் பார்க்காமல் இல்லை. 1963-லேயே நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாடிவிட்டார்.

உங்களுக்குக் கொடுமைதான் வேண்டும் என்றால் அது வேறு இடத்தில் இருக்கிறது. 1928-ல் ஒக்கே என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காக மெம்ஃபிஸிலும் நியூயார்க்கிலும் பாடிப் பதிவு செய்தார். இசைத்தட்டு சரியாகப் போகவில்லை, பின்னாலேயே பொருளாதார மந்தம் வந்தது, மனிதர் ஊருக்குத் திரும்பி மாடு மேய்த்தார். முப்பத்தைந்து வருஷம்! 1963-ல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர், பழைய தட்டில் பாட்டுக்குள் வந்த ஊர்ப்பெயரைப் பிடித்துக்கொண்டு, புது வரைபடங்களில் அது இல்லாததால் பழைய அட்லஸில் தேடி வீட்டு வாசலில் போய் நின்றபோது, ஹர்ட் அவரை எஃப்.பி.ஐ. ஆள் என்று நினைத்துவிட்டார். அப்புறம் கிடைத்தது மூன்றே வருஷம். 1966-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மூன்று வருஷத்தில் கூட்டம் பெரிதா சிறிதா என்றா கணக்குப் பார்ப்பது?

காபிக்கடை என்று நீங்கள் இளப்பமாகச் சொல்கிறீர்கள். மனிதர் காபிக்கென்றே ஒரு பாட்டு வைத்திருந்தார். அதில் மேக்ஸ்வெல் ஹவுஸ்தான் தனக்குப் பிடித்த காபி என்று பிராண்ட் பெயரோடு சொல்வார். அதில் வரும் ஸ்பூனைத்தான் லவ்விங் ஸ்பூன்ஃபுல் என்ற ராக் குழு தன் பெயரில் போட்டுக்கொண்டது. என் பக்கத்தில் ஓசி விளம்பரத்துக்கு இடமில்லை, ஹர்ட்டுக்காக இந்த ஒரு தடவை விடுகிறேன். மற்றபடி நம் ஃபில்டர் டிகாக்‌ஷன் முன்னால் அந்தத் தண்ணிக் காபி நிற்காது, இதில் வாதம் வேண்டாம்.