பனிக்கு அடியில் போன திமிங்கிலங்கள்: கேள்வி பதில்

அலாஸ்காவின் வடகோடியில் இருக்கும் ஊர் உட்கியாக்விக். பழைய பெயர் பேரோ. அங்கே தலைமுறை தலைமுறையாகப் போஹெட் என்ற வடதுருவக் கடல் திமிங்கிலத்தைப் பிடிக்கும் இன்யூபியாட் என்ற பழங்குடி மக்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அவர்களுடைய வேட்டையை ஒரு கட்டத்தில் தடை செய்தார்களாமே, ஏன் சார்?

1977இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் தடை போட்டது. மிஞ்சியிருப்பவை இரண்டாயிரம்கூட இருக்காது என்று அன்றைய கணக்கு சொன்னது. கணக்கு தப்பு என்று வேட்டைக்காரர்கள் அப்போதே சொன்னார்கள்.

எதை வைத்துத் தப்பு என்றார்கள்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வசந்த காலத்தில் கரையோடு ஒட்டிய பனிக்கும் நகரும் பனிக்கும் நடுவே நீர்வழி ஒன்று திறக்கும். ஆய்வாளர்கள் பனிமேட்டில் உட்கார்ந்து, அந்த வழியில் மூச்சுவிட எழும் திமிங்கிலங்களை எண்ணினார்கள். வழி மூடிக்கொண்டால் வரத்தும் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஹாரி பிரவர் சீனியர் போன்ற மூத்த வேட்டைக்காரர்களுக்கு அது அப்படியல்ல என்று தெரியும். வழி மூடினாலும் திமிங்கிலம் பனிக்கு அடியிலேயே போகும். மூச்சு முட்டினால் தலையால் பனியை முட்டி மேடாகத் தூக்கி, அந்த விரிசலில் மூச்சுவிடும். கரையிலிருந்து கண்ணுக்கு எட்டாத தூரத்திலும் கூட்டம் கூட்டமாகப் போகும்.

டாம் ஆல்பர்ட் என்ற உயிரியலாளர் இதைக் காதுகொடுத்துக் கேட்டார். 1980களில் நீரடி ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது, மூடிய பனிக்கு அடியிலும் திமிங்கிலக் குரல்கள் கடந்து போய்க்கொண்டே இருந்தன. 2001இல் கணக்கு பத்தாயிரத்தைத் தாண்டியது. 2011இல் சுமார் 16,800. இடையில் இனமும் பெருகியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் முதல் கணக்கு தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நாகப்பட்டினத்திலிருந்து கேட்கிறேன். வலை விடும்போது அப்பா எங்களைச் சத்தம்போட விடமாட்டார். அங்கேயும் அப்படியா?

அங்கே இன்னும் கறார், தம்பி. வசந்த வேட்டைக்கு உமியாக் என்ற தோல்படகு. மரச்சட்டத்தின் மேல் தாடிச் சீல் என்ற கடல்நாயின் தோலைப் பெண்கள் தண்ணீர் புகாமல் தைத்துப் போர்த்துவார்கள். மோட்டார் இல்லை, துடுப்புதான். பனியோடு பனியாகத் தெரிய வெள்ளை மேலங்கி. பனியில் காலை ஓங்கி வைத்தாலே அதட்டு விழும், அந்த அதிர்வு தண்ணீருக்குள் இறங்கிவிடும் என்பதால்.

புகைகூட ஆகாது என்று கேள்விப்பட்டேன். திமிங்கிலத்துக்கு மோப்பம் உண்டா அண்ணா?

உண்டு. புகை வாடை பட்டால் திமிங்கிலம் விலகிவிடும் என்பது வேட்டைக்காரர்கள் வெகுகாலமாகச் சொல்லிவந்தது. திமிங்கிலங்களுக்கு மோப்பமே கிடையாது என்றுதான் பல அறிஞர்கள் நினைத்திருந்தார்கள். போஹெட்டின் மூளையைத் திறந்து பார்த்த ஆய்வு 2010இல் வெளியானது. மோப்பத்துக்கான பகுதி நன்றாகவே வளர்ந்திருந்தது.

இவ்வளவு தெரிந்தவர்கள் அதைக் கொல்லலாமா?

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இந்த இனத்தை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது 1848 முதல் எண்ணெய்க்கும், இரையை வடிகட்ட வாயில் தொங்கும் தாடைத் தகடுகளுக்கும் வந்த வணிகக் கப்பல்கள். ஊர்க்காரர்கள் இன்று ஒதுக்கப்பட்ட எண்ணிக்கைக்குள் பிடிக்கிறார்கள், இறைச்சியை வீடு வீடாகப் பகிர்கிறார்கள். 2007இல் அவர்கள் பிடித்த ஒரு திமிங்கிலத்தின் கழுத்துப் பக்கத்தில் பழைய வெடியீட்டியின் (உடலுக்குள் போய் வெடிக்கும் ஈட்டி) துண்டு புதைந்து கிடந்தது. 1800களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்ட் ஊரில் செய்தது. நூறு வருடத்துக்கு மேல் அதைச் சுமந்துகொண்டே நீந்தியிருக்கிறது.