‘நன்றாக இருக்கிறேன்’ என்று இன்னும் எத்தனை நாள் சொல்வது?

வாசகியின் கடிதம்

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு 24 வயது. ஜெர்மனியின் வெஸ்ட்பாலியா பகுதியில் ஒரு சிறிய நகரத்தில் முதுநிலைப் பொறியியல் படிக்கிறேன். சொந்த ஊர் குமாரபாளையம். அப்பா விசைத்தறி வைத்திருக்கிறார். பாதித் தறிகள் இப்போது சும்மா நிற்கின்றன. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துத்தான் கல்விக்கடன் வாங்கினோம். எங்கள் குடும்பத்தில் விமானம் ஏறிய முதல் ஆள் நான். வழியனுப்பக் கோயம்புத்தூருக்கு ஒரு வேன் நிறைய உறவினர்கள் வந்தார்கள்.

முதல் வருடம் எப்படியோ ஓடிவிட்டது. முகவரிப் பதிவு, காப்பீடு, வங்கி, வெளிநாட்டவர் அலுவலகம் என்று அலைந்ததில் எதையும் யோசிக்க நேரமில்லை. விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைத்த பிளாக்டு அக்கவுண்ட்டிலிருந்து மாதம் 992 யூரோ வந்துகொண்டிருந்தது. அது தீர்ந்துவிட்டது. வாடகை கட்ட வேண்டும், காப்பீட்டுக்கு மட்டும் மாதம் 140 யூரோவுக்கு மேல் போகிறது. அதனால் ஒரு பார்சல் கிடங்கில் இரவு வேலைக்குப் போகிறேன். வகுப்பில் கண்ணைத் திறந்துவைப்பதே பெரும்பாடு.

சென்ற பிப்ரவரியில் ஒரு தேர்வில் 5.0 வாங்கினேன். இங்கே 1.0 தான் முதன்மை, 5.0 என்றால் தோல்வி. கல்லூரியில் ஓர் அரியர்கூட வைக்காதவள் நான். மறுதேர்வுக்குப் பதிவே செய்யவில்லை. மூன்று முறை தவறினால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள், விசாவும் போய்விடும் என்று இங்குள்ள மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஓயாத பேச்சு. அதைப் படித்தாலே கை சில்லிட்டுவிடுகிறது.

மூன்று பேர் சேர்ந்து இருக்கும் வீட்டில் எனக்கு ஓர் அறை. மற்ற இருவரும் ஜெர்மன் பெண்கள். கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். பார்த்தால் ‘ஹலோ’ சொல்வார்கள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அக்டோபரில் ஒருநாள் அடுப்புக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. சமைத்தபின் ஜன்னலைத் திறந்துவைக்கவும் என்று எழுதியிருந்தது. பெயர் எதுவும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் கடுகு தாளிப்பவள் நான் ஒருத்திதானே? அன்றோடு சமைப்பதை விட்டேன். ரொட்டியும் தயிரும்தான். சில நாள் மென்சா என்கிற மாணவர் உணவகத்தில் உருளைக்கிழங்கு.

அம்மா தினமும் வீடியோவில் கூப்பிடுவார்கள். நான் வகுப்பு முடிந்து வரும்போது அங்கே இரவு பத்தரை மணி. தூங்காமல் காத்திருந்து “சாப்பிட்டாயா?” என்று கேட்பார்கள். சாம்பார், பொரியல் என்று ஏதாவது சொல்லிவைப்பேன். போன வாரம் கிறிஸ்துமஸ் சந்தையின் விளக்குகளுக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டே பேசினேன். அம்மா அதைப் படமெடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள். அறைக்கு வந்து விளக்கைக்கூடப் போடாமல் படுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் மிகவும் மோசம். கடைகள் மூடியிருக்கும். தெருவில் ஆளே இருக்காது. வேலை முடித்து வந்து படுக்கும்போது, இனி விடியாமலே இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று சில நாள் தோன்றுகிறது. ஊருக்குத் திரும்பினால் எல்லோரும் என்ன பேசுவார்கள் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. இங்கேயே இருந்தால் என்ன ஆவேன் என்றும் தெரியவில்லை. ஒரு வழி சொல்லுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

ஆலோசகரின் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

இந்தப் பதிலை அச்சுக்குக் கொடுக்கும் முன்பே உங்களுக்கு அனுப்பிவிட்டேன். காரணம், போகிற போக்கில் சொல்வதுபோல் நீங்கள் எழுதிய ஒரு வரி. விடியாமலே இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்பது. தேர்வு, விசா, கடன் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நேராகவே கேட்கிறேன். உயிரை விடுவது பற்றி நினைத்திருக்கிறீர்களா? ‘ஆம்’ என்றால் இதை இத்தோடு நிறுத்திவிட்டு அவசர உதவி எண்ணான 112ஐ அழையுங்கள், இல்லையென்றால் பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள். எந்த நேரமானாலும் தட்டலாம். ‘அப்படியெல்லாம் இல்லை, சோர்வுதான்’ என்றாலும் இந்த வாரத்துக்குள் ஒருவரிடம் இதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். 0800 111 0 111 என்பது டெலிஃபோன்ஸேல்ஸோர்கே என்ற உதவி எண். இரவு பகலாக இயங்குகிறது, கட்டணம் கிடையாது, பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மனில் மனம்விட்டுப் பேச வராது என்றால், பல பல்கலைக்கழக நகரங்களில் மாணவர்களே நடத்தும் ‘நைட்லைன்’ என்ற தொலைபேசிச் சேவை இருக்கிறது; அவற்றில் பலவற்றில் ஆங்கிலத்திலும் பேசலாம்.

அடுத்து, மாணவர் நலச் சேவை அமைப்பான ஷ்டுடீரெண்டென்வெர்க். உங்கள் மென்சாவை நடத்துவது அநேகமாக அவர்கள்தான். அங்கேயோ பல்கலைக்கழகத்திலேயோ மனநல ஆலோசனைப் பிரிவு ஒன்று இருக்கும். பெரும்பாலும் இலவசம், பல இடங்களில் ஆங்கிலத்திலும் உண்டு. ‘அங்கே போனால் விசா அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமோ’ என்று இந்திய மாணவர்கள் பலர் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். தெரியாது. மருத்துவரும் உளவியலாளரும் உங்கள் ரகசியத்தை வெளியே சொன்னால் அது ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 203ஆம் பிரிவின்படி குற்றம்.

இப்போது அடுப்புக்கு மேல் ஒட்டிய அந்தத் தாளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது அதுதான்.

ஜெர்மனியில் ஜன்னல் திறப்பது ஏறக்குறைய ஒரு தேசியக் கடமை. குளிர்காலத்தில் வீட்டை இறுக மூடிவைத்தால் ஈரம் தங்கிச் சுவரில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்தால் வீட்டுக்காரர் குடியிருப்பவர் தலையில் செலவைக் கட்டப் பார்ப்பார். வாடகை ஒப்பந்தத்திலேயே காற்றோட்டம் பற்றி எழுதியிருப்பார்கள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருந்தாலும் ஐந்து பத்து நிமிடம் ஜன்னலை முழுதாகத் திறந்து மூடுவது அவர்களுக்குப் பழக்கம். பாஸ்டாவுக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தாலும் திறப்பார்கள். நேரில் சொல்லச் சங்கடப்படும் சின்ன விஷயங்களைத் தாளில் எழுதி ஒட்டுவதும் அங்கே சாதாரணம். குப்பை பிரிப்பது, குளியலறை துடைப்பது, இரவு பத்துக்கு மேல் சத்தம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு தாள் உண்டு.

அதனால் அது வெறுப்பே அல்ல என்று நான் அடித்துச் சொல்லப்போவதில்லை. வெறுப்பு உள்ளவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். நிறத்தையோ நாட்டையோ இழுத்து யாராவது பேசினால் அதைப் பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம். பல்கலைக்கழகங்களில் பாகுபாடு குறித்த புகார்களைக் கேட்கவென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் தாளில் இருந்தது ஜன்னல் மட்டும். ‘கடுகு’ என்று அவர்கள் எழுதவில்லை. அதைச் சேர்த்துப் படித்தது உங்கள் சோர்வு. அதோடு நிற்காமல், அவர்கள் கேட்காத ஒரு தண்டனையையும் உங்களுக்கு நீங்களே கொடுத்திருக்கிறீர்கள். சூடான சோற்றை நிறுத்திவிட்டு, நிறுத்தியதையும் யாரிடமும் சொல்லாமல் இருக்கிறீர்கள். நாளைக்கே ஜன்னலை அகலத் திறந்துவைத்து ரசம் தாளியுங்கள். கூட ஒரு கைப்பிடி அரிசி போடுங்கள். சமையலறைக்கு வருபவரிடம், “அக்டோபரில் ஒட்டிய தாள் என் சமையலுக்காகவா?” என்று கேட்டுவிடுங்கள். ஜெர்மானியர்கள் நேரான கேள்விக்கு நேராகப் பதில் சொல்வார்கள். சில சமயம் கொஞ்சம் அதிகமாகவே நேராக.

இனி உங்கள் தனிமை. நம் ஊரில் பழக்கம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். விடுதி அறைத்தோழி, தினமும் ஒரே பஸ்ஸில் வரும் பெண், கறிவேப்பிலை கேட்டு வந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிடும் பக்கத்து வீட்டு அக்கா. யாரையும் நாம் தேடிப் போனதில்லை. ஜெர்மனியில் அந்தக் கதவைச் சாத்திக்கொள்ளும் பெண்ணே, செவ்வாய்க்கிழமை கூட்டுப்பாடல் குழுவில் தன் பக்கத்து இருக்கைக்காரியோடு பத்து வருடமாக நட்பாக இருக்கக்கூடும். அங்கே நெருக்கம் வீட்டு வாசலில் அரிதாகத்தான் தொடங்குகிறது; ஒரே கிழமையில், ஒரே இடத்தில், திரும்பத் திரும்பச் சந்திப்பதில் தொடங்குகிறது. அந்த நாட்டில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுபெற்ற சங்கங்கள் இருக்கின்றன. தோட்டம் போடுவதற்கு, சதுரங்கத்துக்கு, தேனீ வளர்ப்புக்கு, எல்லாவற்றுக்கும் ஒன்று உண்டு.

உங்கள் வாரத்தை எடுத்துப் பாருங்கள். வகுப்புக்குப் போகாவிட்டால் யாராவது கேட்பார்களா? கிடங்கில் உங்களை ஓர் எண்ணாகத்தான் எதிர்பார்க்கிறார்கள். நீங்கள் வரவில்லை என்றால் ‘எங்கே அவள்?’ என்று கேட்க ஓர் ஆள்கூட அந்த நகரத்தில் இல்லை. உங்கள் நோயில் பெரும்பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். எனவே நண்பர்களைத் தேடாதீர்கள். அது மலைப்பாக இருக்கும். உங்களை எதிர்பார்க்கும் ஓர் இடத்தைப் பிடியுங்கள். பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் குறைந்த கட்டணத்தில் கைப்பந்து, யோகா, நடனம் என்று வகுப்புகள் இருக்கும். மொழி மையத்தில் ஜெர்மன் வகுப்பு இருக்கும். ஒன்றே ஒன்றில் சேர்ந்து, பிடிக்காவிட்டாலும் செமஸ்டர் முடியும்வரை போங்கள். முதல் சில வாரம் யாரும் பேச மாட்டார்கள். அதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

உங்கள் பக்கத்தில்தான் ஹாம் நகரம் இருக்கிறது. அதன் உயென்ட்ரோப் பகுதியில், தொழிற்சாலைகளுக்கு நடுவே கோபுரத்தோடு நிற்கிறது காமாட்சி அம்பாள் கோயில். 2002இல் குடமுழுக்கு நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாணவர் பயணச்சீட்டான செமஸ்டர் டிக்கெட்டில் போய்வாருங்கள். அங்கே வரும் ஈழத்து அம்மாக்களில் பலர் போரிலிருந்து தப்பி, ஒரு ஜெர்மன் சொல்கூடத் தெரியாமல் வந்து இறங்கியவர்கள். அவர்களில் ஒருவரிடம் முதல் குளிர்காலத்தை எப்படிக் கழித்தீர்கள் என்று கேளுங்கள். என்னைப் போன்ற ஆலோசகர்களைவிட நன்றாகச் சொல்வார்கள்.

வீட்டுக்குச் சொல்லும் பொய்களை நான் குறை சொல்லப்போவதில்லை. அம்மா தூங்க வேண்டும் என்றுதான் சொல்கிறீர்கள். ஆனால் கிடங்கு வேலைக்கு மேல் அது இன்னொரு வேலையாகிவிட்டது. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒருமணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். மூன்றரை மணி நேர வித்தியாசம் நாலரையாகிறது. அம்மாவுக்கும் தூக்கம், உங்களுக்கும் களைப்பு. தினசரி வீடியோவை வாரம் இரண்டு அழைப்பாகக் குறையுங்கள். மற்ற நாளில் ஒரு குரல் பதிவு போதும்.

தேர்வு விஷயத்தை முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள். முகம் பார்த்துப் பேச வேண்டாம், வெறும் போனில் சொல்லுங்கள். “அப்பா, ஒரு பாடத்தில் போய்விட்டது. பிப்ரவரியில் திரும்ப எழுதுகிறேன். இரவு வேலையைக் குறைக்க வேண்டியிருக்கிறது, செலவை இப்படிச் சமாளிக்கலாம் என்று நினைக்கிறேன்.” இவ்வளவுதான். பாதித் தறி நிற்கும்போதும் தொழிலை நடத்துகிற மனிதர் அவர். நூல் விலை ஏறின மாதத்தில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். மகள் தோற்றதைத் தாங்க மாட்டார் என்று நீங்களாக முடிவு செய்வது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. கல்விக்கடனில் வழக்கமாகப் படிப்புக்காலம் முடிந்து ஒரு வருடம்வரை தவணை தொடங்காது. படிப்பு ஒரு செமஸ்டர் நீண்டால் என்ன செய்ய வேண்டும் என்று அப்பாவை வங்கியில் கேட்டுவைக்கச் சொல்லுங்கள். அவருக்கும் உங்களுக்காகச் செய்ய ஒரு வேலை இருக்கட்டும்.

உடம்பையும் பார்த்துவிடுங்கள். டிசம்பரில் நீங்கள் இப்போது இருக்கும் ஊரில் காலை எட்டரைக்கு விடிந்து மாலை நாலரைக்குள் இருட்டிவிடுகிறது. இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கினால் வெளிச்சமே கண்ணில் படாது. அக்டோபர் முதல் மார்ச்வரை அங்குள்ள வெயிலில் தோலால் போதிய வைட்டமின் டி தயாரிக்க முடியாது. நம் நிறத்துக்கு இன்னும் கடினம். குடும்ப மருத்துவரிடம் தூக்கம், பசி, அந்த விடியாமை எண்ணம் எல்லாவற்றையும் சொல்லி, இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். காப்பீட்டுக்குக் கட்டும் 140 யூரோ இதற்காகத்தான். கடையில் மாத்திரை வாங்கி நீங்களே போட்டுக்கொள்ள வேண்டாம்.

வேலையை விடச் சொல்லவில்லை, இரவு வேலையை விடச் சொல்கிறேன். 2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். பல்கலைக்கழகத்திலேயே கிடைக்கும் மாணவர் உதவியாளர் வேலை இந்தக் கணக்கில் வராது. சம்பளம் குறைந்தாலும் அங்கே உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

தேர்வு குறித்த உங்கள் பயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. பல இடங்களில் மூன்று வாய்ப்புதான். மூன்றும் போனால் அதே படிப்பை வேறு பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் கடினம். ஆனால் நீங்கள் இழந்தது ஒன்று. ஒரு பாடத்தில் தோற்றதற்காக மட்டும் வசிப்பு அனுமதியை எடுத்துவிட மாட்டார்கள். நியாயமான காலத்துக்குள் படிப்பை முடிப்பீர்களா என்பதைத்தான் பார்ப்பார்கள். உடல்நலமோ மனநலமோ சரியில்லை என்றால், மருத்துவச் சான்றோடு உரிய நேரத்தில் தேர்விலிருந்து விலகிக்கொள்ளவும் வழி இருக்கும். வாட்ஸ்அப் குழுவைக் கேட்காதீர்கள். உங்கள் படிப்பின் தேர்வு விதிமுறையை எடுத்துக்கொண்டு துறையின் படிப்பு ஆலோசகரிடம் போங்கள். மறுதேர்வை எழுதக் காலக்கெடு உண்டா, பிப்ரவரித் தேர்வுக்குப் பதிவு எப்போது முடிகிறது, விலகக் கடைசி நாள் எது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டுவரை அலுவலகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். அதற்கு முன்பே போய்விடுங்கள்.