மைத்துனரின் கடைக்கு அடகு போகும் பாட்டு

கேள்வி: நான் எழுதி இசையமைத்த 30 தனிப்பாடல்களைப் பாடல்களுக்கான வருமானத்தை வசூலித்துத் தரும் பப்ளிஷிங் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்து, 2 ஆண்டுகளுக்கு முன்பு 6 லட்சம் ரூபாய் முன்பணம் பெற்றேன். அது முழுவதும் மைத்துனரின் கடைக்குப் போய்விட்டது. அவர் மறுபடியும் கேட்கிறார். இனி எழுதும் பாடல்களையும் சேர்த்து ஒப்பந்தத்தை நீட்டித்தால், வட்டியின்றி மேலும் 4 லட்சம் தருவதாக நிறுவனம் சொல்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ராயல்டியைப் பற்றி, அதாவது பாட்டு பயன்படுத்தப்படும்போது படைத்தவருக்குச் சேரும் தொகையைப் பற்றி, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் குடும்பத்தில் யார் கேட்டாலும் முன்பணம் வாங்கிக் கொடுக்கும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

நீங்கள் அனுப்பிய கணக்கின்படி ஆண்டு வசூல் சுமார் 1,60,000 ரூபாய். நிறுவனத்தின் 25 சதவீதமான 40,000 போக, மீதி 1,20,000 உங்கள் கைக்கு வராமல் முன்பணத்தில் கழிகிறது. இதுவரை 2,40,000 கழிந்திருப்பதால், பாக்கியான 3,60,000 இன்னும் 3 ஆண்டுகளில் தீர்ந்துவிடும். மேலும் 4 லட்சம் வாங்கினால் பாக்கி 7,60,000 ஆகி, தீர்வதற்கு 6 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கூடுதலான அந்த 3 ஆண்டுச் சொச்சத்தில் கமிஷனாக மட்டுமே 1,30,000 ரூபாய்க்கு மேல் போகும். வட்டி என்ற பெயர் இல்லையே தவிர, கடனுக்கான விலை இதுதான். பாடல்கள் பழையதாகி வசூல் குறைந்தால் காலம் இன்னும் நீளும். இதைவிடப் பெரிய இழப்பு, நீங்கள் இன்னும் எழுதாத பாட்டின் வருமானமும் பழைய பாக்கிக்கே போவதுதான்.

பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களுக்காக ராயல்டி வசூலித்துப் பிரித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராக இருப்பவருக்கு, ஆசிரியர் பங்கு, அதாவது பாட்டைப் படைத்தவருக்கான பங்கு, பப்ளிஷிங் நிறுவனத்தின் வழியாக அல்லாமல் நேரடியாகவே வருகிறது. ஒலிப்பதிவில் இடம்பெற்ற பாட்டுக்கு ராயல்டி பெறும் உரிமையை, வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அல்லாமல் வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது என்று 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் சொல்கிறது. எனவே, அந்தப் பங்கையும் தனக்கே அனுப்பச் சொல்லும் கடிதத்தில் நிறுவனம் உங்கள் கையெழுத்தைக் கேட்டால், பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள். வருங்கால ராயல்டியை மொத்தமாக விற்றுவிடலாம் என்று இப்போது பரவலாகப் பேசப்படும் திட்டங்களிலும் எனக்கு நம்பிக்கையில்லை. அவசரத்தில் விற்பவருக்கு நல்ல விலை கிடைப்பதில்லை.

மைத்துனரிடம் இந்தக் கணக்கையே காட்டுங்கள். கடை லாபத்தில் நடக்கிறது என்றால், அவருடைய பெயரிலேயே வங்கியில் தொழில்கடன் கேட்கட்டும்; அதற்கு நீங்கள் ஜாமீன் நிற்க வேண்டாம். நிறுவனத்துக்கு, பழைய பாக்கி தீரும்வரை புதிய பாடல்கள் எதையும் சேர்க்கப்போவதில்லை என்று இந்த வாரமே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.